கோடை விழாவும் பால்பண்ணைக் கணக்கும்

கேள்வி (ஈரோடு வாசகி): இங்கிலாந்தில் படிக்கும் என் மகள், ஊர் திரும்புவதற்குள் ஒரு முறையாவது கிளாஸ்டன்பரி இசை விழாவுக்குப் போய்வர வேண்டும் என்கிறாள். வயலில் கூடாரம் போட்டுத் தங்கிப் பாட்டுக் கேட்கும் பழக்கம் எப்படித் தொடங்கியது? முன்பெல்லாம் இது இலவசமாமே? இப்போது மட்டும் ஏன் இவ்வளவு செலவு? முதல் முறை போகிறவள் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்?

பதில்: நீங்கள் கேட்ட நான்கில் இரண்டாவதுதான் ருசியானது, அதைப் பிடித்தால் மற்ற மூன்றும் தாமாக வந்துவிடும். கோடை இசை விழா ஒருபோதும் இலவசமாக இருந்ததில்லை. இலவசம் என்று ஊரே நம்பும் அமெரிக்க வுட்ஸ்டாக் விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1969 ஆகஸ்ட்டில் நடந்த அந்த விழாவுக்கு மூன்று நாள் டிக்கெட் முன்பதிவில் 18 டாலர், வாசலில் 24 டாலர். முன்கூட்டியே விற்றவை மட்டும் ஏறத்தாழ 1,86,000. ஆனால் விழா நடக்க இருந்த ஊரின் மக்கள் ஜூலையில் மாட்டோம் என்றுவிட்டதால் கடைசி நேரத்தில் இடம் மாறியது. மேடையை முடிப்பதா, வேலியையும் டிக்கெட் கவுண்டரையும் முடிப்பதா என்று கேள்வி வந்தபோது மேடை ஜெயித்தது. வேலி இல்லாத வயலில் நாலு லட்சம் பேர் உட்கார்ந்த பிறகு யாரிடம் போய் டிக்கெட் கேட்பது? அதனால்தான் இலவசம் என்று அறிவித்தார்கள். நஷ்டம் பத்து லட்சம் டாலருக்கு மேல். அதைத் தாங்கியவர் ஜான் ராபர்ட்ஸ் என்ற இளைஞர். பல்செட்டுக்கான பொருள்கள் விற்றுப் பணம் சேர்த்த குடும்பத்தின் வாரிசு. முப்பது வயதைத் தாண்டிய எவரையும் நம்பாதே என்று முழங்கிய தலைமுறை, தாத்தா பாட்டிகளின் பொய்ப்பல் வருமானத்தில் மூன்று நாள் ஆடியது என்பதை வரலாற்றாசிரியர்கள் போதுமான அளவு கொண்டாடவில்லை. 1971-ல் கிளாஸ்டன்பரியும் டிக்கெட் இல்லாமல் நடந்தது உண்மைதான். அதற்கு ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர் வின்ஸ்டன் சர்ச்சிலின் பேத்தி அரபெல்லா சர்ச்சில். இலவசம் என்றால் செலவு இல்லை என்று பொருளல்ல, பில் வேறு மேசைக்குப் போயிருக்கிறது என்றுதான் பொருள்.

தொடக்கம் எங்கே என்று தேடுகிறவர்கள் வுட்ஸ்டாக் காலத்து ஹிப்பிகளோடு நின்றுவிடுகிறார்கள். நான் 1876-க்குப் போவேன். ஜெர்மனியில் பாய்ரூத் என்ற சிற்றூரில் வாக்னர் தம் இசை நாடகங்களுக்கென்றே அரங்கம் கட்டி, ஆகஸ்ட்டில் விழா எடுத்தார். கோடையில் ஏன்? பெரிய ஊர்களின் ஓபரா அரங்குகள் அப்போது மூடிக் கிடக்கும். பாடகர்களும் வாத்தியக்காரர்களும் விடுமுறையில் சும்மா இருப்பார்கள். ஆகவே கோடை விழா வெயிலுக்குப் பிறந்த குழந்தை அல்ல, விடுமுறைக்குப் பிறந்த குழந்தை. அங்கே ரஷ்யப் பத்திரிகை ஒன்றுக்காகச் செய்தி எழுதப் போன சைக்காவ்ஸ்கி ஊருக்கு என்ன எழுதி அனுப்பினார் தெரியுமா? வந்தவர்களுக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை, வாக்னரின் இசையைவிடக் கட்லெட்டும் உருளைக்கிழங்கும் ஆம்லெட்டும்தான் அதிகம் பேசப்படுகின்றன என்று. உலகின் மாபெரும் இசையமைப்பாளர்களில் ஒருவர் இன்னொருவரின் விழாவுக்குப் போய் ஆம்லெட்டைப் பற்றி எழுதியிருக்கிறார்! விழா 1,48,000 மார்க் நஷ்டத்தில் முடிந்தது; அடுத்த விழாவுக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட நூறு ஆண்டு வரலாற்றில் நியூபோர்ட் ஜாஸ் விழா, மான்டரே பாப் விழா என்று நிறைய உண்டு. யார் எந்த மேடையில் எந்தக் கிதாரைக் கொளுத்தினார் என்பதை வேறு யாராவது எழுதட்டும். எனக்குக் கண்ணில் படுவது ஒன்றுதான்: இந்த விழாக்களில் கவிழ்வது இசை அல்ல, சோறு, தண்ணீர், சாலை, கழிப்பறை. உங்கள் மகளின் பட்ஜெட்டையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

வுட்ஸ்டாக்கே சாட்சி. உணவுக் கடைகளின் ஒப்பந்தத்தை எடுத்தவர்களுக்கு அந்த அளவுக்குச் சமைத்த அனுபவம் கிடையாது. ஆனால் 'அன்புக்கு உணவு' என்று அருமையாகப் பெயர் வைத்திருந்தார்கள். சரக்கு தீரத் தீர, 25 சென்ட் ஹாட் டாக் ஒரு டாலர் ஆயிற்று. அன்புக்கு நான்கு மடங்கு விலையா என்று கொதித்தவர்கள் இரண்டு கடைகளைக் கொளுத்திவிட்டார்கள். சமாதானத்துக்கும் இசைக்கும் என்று விளம்பரம் செய்த விழாவில், எரிந்தது ஹாட் டாக் கடை! அதே நேரம் அக்கம்பக்கத்தில் சிலர் தாகத்தில் தவித்தவர்களுக்குத் தண்ணீரை விலைக்கு விற்பதாகக் கேள்விப்பட்ட மேக்ஸ் யாஸ்கர், 'தண்ணீர் இலவசம்' என்று தம் களஞ்சியத்தில் பெரிதாக எழுதி மாட்டினார். நிலத்தை வாடகைக்குக் கொடுத்தவர் அவர்தான், தொழில், பால்பண்ணை. அடுத்த ஆண்டு செப்டம்பர் 19-ல் இங்கிலாந்தின் சாமர்செட்டில் மைக்கேல் ஈவிஸ் முதல் கிளாஸ்டன்பரி விழாவை நடத்தினார். டிக்கெட் ஒரு பவுண்டு, வந்தவர்கள் ஏறத்தாழ 1,500 பேர், ஆளுக்குப் பால் இலவசம். அவர் தொழிலும் பால்பண்ணைதான். இந்தப் பகுதியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் கட்சி தெரியும்: நாகரிகத்தில் நல்லவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பால்காரர் நிற்பார். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் பயிர் நாசம் என்ற பேச்சு குறைவு. பால் வண்டி வந்து போகப் பாதை இருக்கும். மாடுகளுக்கென்று ஏராளமாகத் தண்ணீர் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய வயிறுகள் பல ஒரே நேரத்தில் பசித்தால் என்ன ஆகும் என்பது பால்பண்ணைக்காரருக்குத் தெரியும். பாய்ரூத்தில் வாக்னருக்குத் துணையாக ஓர் அரசர் இருந்தார், பால்காரர்தான் இல்லை.

அது அந்தக் காலம், இன்று எல்லாம் ஒழுங்காக நடக்கிறதே, பிறகு எதற்கு இந்தப் பயம் என்று கேட்கலாம். ஒழுங்கு வந்தது உண்மை. வந்த வழியைப் பாருங்கள். 1970-ல் வைட் தீவு விழாவில் மூன்று பவுண்டு டிக்கெட்டை மிச்சம் பிடிக்கப் பெருங்கூட்டம் பக்கத்துக் குன்றில் ஏறி உட்கார்ந்து பார்த்தது, வேலிகள் சாய்ந்தன. அடுத்த ஆண்டே, 5,000 பேருக்கு மேல் இரவில் திறந்தவெளியில் கூட உரிமம் வேண்டும் என்று அந்தத் தீவுக்கென்றே நாடாளுமன்றம் சட்டம் போட்டது. கிளாஸ்டன்பரியில் 2000-ம் ஆண்டு டிக்கெட் வாங்கியவர்களைவிட வாங்காமல் நுழைந்தவர்கள் அதிகமோ என்று அஞ்சும் அளவுக்கு நெரிசல். 2001-ல் விழா இல்லை. 2002-ல் பெரும் வேலியோடு திரும்பி வந்தது. கூட்டம் வேலிக்குள் அடங்கிய பிறகுதான் கழிப்பறை எத்தனை, குழாய் எத்தனை என்று கணக்குப் போடவே முடிந்தது. எனவே இன்றைய டிக்கெட் விலையில் பாட்டுக்காரரின் சம்பளம் மட்டும் இல்லை. வேலி, தண்ணீர், கழிப்பறை எல்லாம் இருக்கின்றன. 1970-ன் ஒரு பவுண்டு இன்றைய மதிப்பில் பதினைந்து, இருபது பவுண்டுதான். ஆனால் அன்று வந்தவர்கள் 1,500 பேர், இன்றைய கொள்ளளவு இரண்டு லட்சத்துக்கு மேல். இரண்டு லட்சம் பேரைப் பாலைக் கொடுத்துச் சமாளிக்க ஈவிஸாலும் முடியாது.

இப்போது கணக்கு. 2025-ல் டிக்கெட் 373.50 பவுண்டு, முன்பதிவுக் கட்டணம் 5. பணத்தை எடுக்கும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்: சில ஆண்டுகள் நிலத்துக்கு ஓய்வு, 2026 அப்படிப்பட்ட ஆண்டு. மகள் புகைப்படத்தோடு முன்கூட்டியே பதிவு செய்திருந்தால்தான் டிக்கெட் வாங்கவே முடியும். 2025-க்கான விற்பனை முந்தைய நவம்பரில் நடந்தது; அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத்தான் தாங்கியது. அப்போது 75 பவுண்டு முன்பணம் கட்டினால் போதும், மிச்சத்தை ஏப்ரலில் கட்டலாம் என்றிருந்தது. டிக்கெட்டில் படம் இருப்பதால் பெயர் மாற்ற முடியாது; ஆகவே 'என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது' என்று யார் விற்க வந்தாலும் அது டிக்கெட் அல்ல, பாடம். அடுத்தது சாப்பாடு. புதன் முதல் திங்கள் காலை வரை நாளுக்கு இரண்டு வேளை வாங்கிச் சாப்பிட்டால் பத்து வேளை. வேளைக்கு 10 முதல் 15 பவுண்டு என்றால் 100 முதல் 150. தண்ணீர்க் குழாய்கள் இலவசம். 2019 முதல் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் விற்பதில்லை என்பதால் பாட்டில் கையோடு போக வேண்டும். கையிருப்பு கரைந்தால் ஹரே கிருஷ்ணா கூடாரத்தில் சைவச் சாப்பாடு இலவசம். அதையே நம்பிப் பட்ஜெட் போடாமல் ஆபத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். போக்குவரத்தில் ஒரு பொறி இருக்கிறது: கிளாஸ்டன்பரி விழா கிளாஸ்டன்பரியில் நடப்பதில்லை, அங்கிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளிப் பில்டன் கிராமத்தில். வுட்ஸ்டாக்கும் வுட்ஸ்டாக்கில் நடக்கவில்லை. அறுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் பெத்தலில் நடந்தது. பெயரை நம்பி அறை போட்டவர் நடந்தே இளைப்பார். ரயிலில் காசில் கேரி நிலையத்தில் இறங்கினால் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு இலவசப் பேருந்து உண்டு.

டிக்கெட்தானே மிகப் பெரிய செலவு, அதிலிருந்துதானே தொடங்க வேண்டும் என்பது நியாயமான மறுப்பு. பெரியதுதான், ஆனால் அதன் அளவு பல மாதங்களுக்கு முன்பே தெரியும், பிரித்தும் கட்டலாம். தெரிந்த செலவு யாரையும் கவிழ்த்ததில்லை. மழையில் செருப்பு சேற்றோடு போன பிறகு அங்கேயே வாங்கும் பூட்ஸ், போன் செத்ததால் கார்டு இருந்தும் பயன்படாத நிலை, கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட இரவு, இவைதான் கவிழ்க்கும். ஆகவே டிக்கெட்டுக்கு வெளியே, டிக்கெட் விலையில் முக்கால் பங்காவது தனியாக இருக்கட்டும். அதில் நாற்பது பவுண்டாவது நனையாத பையில் ரொக்கமாக. எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே சுமந்து போனால் மிச்சமாகுமே என்பார்கள். சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகத் தடை இல்லைதான். ஆனால் வாசலிலிருந்து கூடாரம் போடும் இடம் வெகுதூரம், சுமப்பவள் அவள். ரொட்டி, கடலை, பழம் போதும், குக்கர் வேண்டாம். கூடாரத்தை மலிவாக வாங்கி அங்கேயே விட்டுவிட்டு வரலாம், ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. விட்டுப் போனவற்றில் பெரும்பாலானவை குப்பைக்குத்தான் போகின்றன. கூடாரம், ஸ்லீப்பிங் பேக், ரப்பர் பூட்ஸ் மூன்றையும் இரவல் வாங்கட்டும். படிக்கிற வயதில் இரவல் வாங்குவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

கேள்வி (கோவை வாசகர்): வுட்ஸ்டாக் விழாவைத் தொடங்கி வைத்தவர் எங்கள் கோயம்புத்தூர்க்காரர் என்று சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: முக்கால் உண்மை. சுவாமி சச்சிதானந்தா 1914-ல் கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் ராமசாமி என்ற பெயரில் பிறந்தவர்; ரிஷிகேசத்துச் சிவானந்தரின் சீடர். முதல் நாள் தொடக்க உரை அவருடையதுதான். ஆனால் மேடையில் முதல் ஆள் அவர் இல்லை. அவருக்கு முன்பே ரிச்சி ஹேவன்ஸ் பாடி முடித்திருந்தார். ஹேவன்ஸை முதலில் ஏற்றியதற்குக் காரணம் கலை அல்ல, போக்குவரத்து. மற்ற கலைஞர்கள் பலர் நெரிசலில் மாட்டிக்கொண்டார்கள்; கைவசம் இருந்த பாட்டெல்லாம் தீரும்வரை அவரைப் பாட வைத்தார்கள். சுவாமி எப்படி வந்தார்? ஹெலிகாப்டரில். உடைமை என்று ஏதும் வைத்துக்கொள்ளாத துறவிக்கே அந்தச் சாலையில் நிலத்தின் வழியாக வர முடியவில்லை என்றால், முதுகில் கூடாரம் சுமப்பவர் போக்குவரத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று நீங்களே யோசியுங்கள். சுவாமியின் பேச்சைச் சில லட்சம் பேர் கலையாமல் கேட்டார்கள் என்று கோவைக்காரர்கள் பெருமைப்படலாம். சாலை அடைத்திருந்ததால் கலைந்து போகவும் வழி இல்லை என்பதை மட்டும் பெருமையோடு சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (அதே ஈரோடு வாசகி, அஞ்சலட்டையில்): ஆம்லெட், ஹாட் டாக், கழிப்பறை எல்லாம் சொன்னீர்கள். எந்தப் பாட்டைக் கேட்க வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லையே?

பதில்: சொல்கிறேன். வுட்ஸ்டாக்கின் மிகப் புகழ்பெற்ற நிகழ்ச்சி ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்தது. ஞாயிறு இரவு நடக்க வேண்டியது, மழையாலும் தாமதத்தாலும் தள்ளித் தள்ளித் திங்கள் காலை எட்டு மணி தாண்டிவிட்டது. அதற்குள் பெரும்பகுதிக் கூட்டம் வீட்டுக்குக் கிளம்பியிருந்தது. எல்லோரும் வேலையை விட்டுவிட்ட தலைமுறை என்று நினைக்கிறோம். திங்கட்கிழமை பலருக்கு வேலை இருந்தது. நாலு லட்சம் பேர் பசியையும் சேற்றையும் தாங்கி, தாங்கியதன் பலன் வரும்போது பேருந்தைப் பிடிக்க ஓடினார்கள். எந்தப் பாட்டு பிடிக்கும் என்பதை உங்கள் மகளே தீர்மானிக்கட்டும். எனக்கு அதில் கருத்து இல்லை. திரும்பும் டிக்கெட்டை மட்டும் திங்கள் மாலைக்குப் போடச் சொல்லுங்கள். அந்த ஒரு நாள் விடுப்பையும், அன்றைய இரண்டு வேளைச் சாப்பாட்டையும் செலவுப் பட்டியலின் முதல் வரியில் எழுதட்டும்.