தோற்கும் மேனேஜரை முதலாளி ஏன் வைத்திருக்கிறார்?

அணி வாராவாரம் தோற்கிறது. மைதானத்தில் ரசிகர்கள் மேனேஜரின் பெயரைச் சொல்லி "வெளியே போ" என்று கத்துகிறார்கள். கிளப் முதலாளி மட்டும் வாய் திறப்பதில்லை. அவருக்குக் கால்பந்து தெரியாது என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பெரும்பாலும் அவர் ஒரு கணக்குப் போட்டுவிட்டுத்தான் சும்மா இருக்கிறார். அந்தக் கணக்கைப் படிக்கத் தெரிந்தால், உங்கள் அலுவலகத்தில் "இவரை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்?" என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும்.

1. அனுப்பவும் பணம் வேண்டும்

ஒப்பந்தக் காலம் முடியுமுன் மேனேஜரை நீக்கினால் இழப்பீடு தர வேண்டும். அவர் அழைத்து வந்த துணைப் பயிற்சியாளர்களும் கூடவே போவார்கள், அவர்களுக்கும் பணம். 2018இல் அந்தோனியோ கான்டேவை நீக்கியதில், வழக்குச் செலவையும் சேர்த்து, செல்சிக்கு ஆன தொகை 2.66 கோடி பவுண்டு. புதியவர் வேறொரு கிளப்பில் ஒப்பந்தத்தில் இருந்தால், அவரை விடுவிக்கத் தனித் தொகை. வந்தவர் தன் பாணிக்கு ஏற்ற வீரர்களைக் கேட்பார். பெரும்பாலும் அந்தச் செலவுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது.

2. அடுத்தவர் யார்?

2023-24இல் மான்செஸ்டர் யுனைடெட் எட்டாவது இடத்தில் முடித்தது. 1992இல் பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து அதுவரை அந்த அணி அவ்வளவு கீழே போனதில்லை. அந்தக் கோடையில் நிர்வாகம் வேறு சிலரிடம் பேசிப் பார்த்தது. கடைசியில் மேனேஜர் எரிக் டென் ஹாக்கையே தக்கவைத்தது. மாற்று ஆள் கைக்கு வராதவரை, இருப்பவர் நாற்காலி பத்திரம். எந்த அலுவலகத்திலும் இதே கதைதான்.

3. தோல்வி யாருடையது?

ஆர்சனல் 2021-22 சீசனின் முதல் மூன்று ஆட்டங்களில் தோற்றது. ஒன்பது கோல் வாங்கியது, ஒன்றுகூடப் போடவில்லை. அட்டவணையில் கடைசி இடம். அதற்கு முந்தைய இரண்டு சீசன்களிலும் எட்டாவது இடம்தான். ஆனாலும் முதலாளிகளான குரோன்கே குடும்பத்தினர் மிக்கேல் ஆர்டெட்டாவை மாற்றவில்லை. அதிகச் சம்பளம் வாங்கிய மூத்த வீரர்களை வெளியேற்றி, இளைஞர்களை வைத்து அணியைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார் அவர். 2022-23 முதல் தொடர்ந்து மூன்று சீசன்கள் ஆர்சனல் இரண்டாமிடம் பிடித்தது.

அலெக்ஸ் பெர்குசனும் அப்படித்தான். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெடுக்கு வந்தவரின் அணி, 1989-90இல் 13ஆம் இடத்தில் நின்றது. இளைஞர் அணியையும் திறமை தேடும் வலையையும் அவர் அடியிலிருந்து சீரமைத்து வந்ததைத் தலைவர் மார்ட்டின் எட்வர்ட்ஸ் கவனித்திருந்தார். அந்த சீசனிலேயே எஃப்.ஏ. கோப்பை வந்தது. 2013இல் ஓய்வு பெறும்போது பெர்குசன் கணக்கில் 13 லீக் பட்டங்கள்.

4. எதிர்பார்த்தது என்ன?

2015இல் பர்ன்லி பிரீமியர் லீகிலிருந்து கீழிறங்கியது. மேனேஜர் ஷான் டைச் நீக்கப்படவில்லை. சிறிய பட்ஜெட்டில் அது நடக்கக்கூடியதே என்று நிர்வாகத்துக்குத் தெரியும். அடுத்த ஆண்டே இரண்டாம் நிலை லீகில் முதலிடம் பிடித்து அணி மேலே வந்தது. ஜெர்மனியின் பிரைபர்க் கிளப்பும் 2015இல் கீழிறங்கிய பிறகு கிறிஸ்டியான் ஸ்ட்ரைக்கை வைத்துக்கொண்டது. 2016இல் திரும்பி வந்தது. அவர் 2024 வரை அங்கேயே இருந்தார்.

5. முகம் காக்கும் கணக்கு

மோசமான காரணமும் உண்டு. மேனேஜரை நீக்கினால், அவரைத் தேர்ந்தெடுத்ததோ தக்கவைத்ததோ தவறு என்று முதலாளி ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தச் சங்கடத்தைத் தள்ளிப்போடச் சிலர் இன்னும் பணத்தைக் கொட்டுவார்கள். டென் ஹாக்குக்கு 2024 ஜூலையில் 2026 வரை ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. ஒன்பது லீக் ஆட்டங்கள் முடிந்து அணி 14ஆம் இடத்தில் இருந்தபோது, அக்டோபர் 28 அன்று நீக்கினார்கள். அவருக்கும் அவருடைய குழுவுக்கும் கொடுத்தது 1.04 கோடி பவுண்டு.

நீக்கினால் நிலைமை மாறுமா?

நெதர்லாந்து லீகின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களைப் பொருளியலாளர் பாஸ் டெர் வேல் ஆராய்ந்தார். மேனேஜரை மாற்றிய அணிகள் மீண்டன. அதே அளவு சரிந்தும் மாற்றாத அணிகளும் ஏறக்குறைய அப்படியே மீண்டன. சரிவின் அடியில் எடுக்கும் எந்த முடிவும் பிற்பாடு புத்திசாலித்தனமாகத் தெரியும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

சரிவில் இருப்பவர் நீங்கள் என்றால்: உங்களிடம் எதிர்பார்ப்பது என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். இறுதி எண்ணில் இன்னும் தெரியாத முன்னேற்றத்தை மாதாமாதம் காட்டுங்கள். தக்கவைத்துவிட்டார்கள் என்பதால் வேலை பத்திரம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். மாற்று ஆளைத் தேடும் வேலை பின்னால் நடந்துகொண்டிருக்கலாம்.

உங்கள் மேலதிகாரி அப்படிப்பட்டவர் என்றால்: ஐந்தில் எந்தக் கணக்கு அவரைக் காப்பாற்றுகிறது என்று பாருங்கள். மூன்றாவதோ நான்காவதோ என்றால் பொறுத்திருங்கள், பலன் வரும். ஐந்தாவது என்றால் சத்தமில்லாமல் வேறு வேலை தேடத் தொடங்குங்கள்.

முடிவெடுப்பவர் நீங்கள் என்றால்: "இன்று இந்த வேலை காலியாக இருந்தால், இவரையே எடுப்பேனா?" என்று கேளுங்கள். எடுப்பேன் என்றால் வெளிப்படையாகத் துணை நில்லுங்கள். மாட்டேன் என்றால், ஒப்பந்தத்தை நீட்டித்துச் செலவைக் கூட்டாதீர்கள்.

ஒரு பெரிய வெற்றியை மட்டும் நம்பாதீர்கள். 2025 மே 21 அன்று ஏஞ்ச் போஸ்டகோக்லு டாட்டனம் அணிக்கு யூரோப்பா லீக் கோப்பையை வென்று தந்தார். லீகில் அணி 17ஆம் இடம். ஜூன் 6 அன்று அவருக்கு வேலை போயிற்று. டென் ஹாக்கும் 2024 எஃப்.ஏ. கோப்பையை வென்றுதான் ஐந்து மாதம் தாக்குப்பிடித்தார். கோப்பை அவகாசம் வாங்கித் தரும். வேலையைக் காப்பாற்றுவது அந்த அவகாசத்தில் நீங்கள் செய்து காட்டுவதுதான்.