எக்கோவில் 30, பிறகு 44: எதை நம்புவது?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. பல வருடங்களாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். நான்கு மாதங்களுக்கு முன்பு எடுத்த எக்கோவில் ஆர்.வி.எஸ்.பி. 30 என்று இருந்தது. போன மாதம் கடும் காய்ச்சல் என்று வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோதே எக்கோ எடுத்தார்கள். அதில் 44, 'மைல்ட் பி.ஏ.ஹெச்.' என்று எழுதியிருக்கிறது. அப்போது ஹீமோகுளோபின் 8.4. இணையத்தில் படித்துப் பார்த்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. நான்கே மாதத்தில் இவ்வளவு ஏறுமா? இரண்டு ரிப்போர்ட்டின் நகலையும் இணைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகி, தேனி

பதில்: ஏறும். ஆனால் ஏற்றியது வியாதியா, அன்றைக்கு இருந்த உடல்நிலையா, அளந்த விதமா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கையில் பட்டை கட்டி பி.பி. பார்ப்பதுபோல எக்கோ ஆர்.வி.எஸ்.பி.யை, அதாவது வலது கீழறை ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளும் அழுத்தத்தை, நேராக அளப்பதில்லை. கணக்குப் போட்டுச் சொல்கிறது. இதயத்தின் வலது பக்கம், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மூவிதழ் வால்வு இருக்கிறது. இதயம் சுருங்கும்போது அதன் வழியாகக் கொஞ்சம் ரத்தம் பின்னோக்கிக் கசிவது நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கும் சகஜம். அந்தக் கசிவின் வேகத்தை டாப்ளர் பிடிக்கும். வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, பிறகு நான்கால் பெருக்கி, மேலறையின் அழுத்தத்தைக் கூட்டினால் வருவதுதான் ஆர்.வி.எஸ்.பி. 1984-ல் யாக், பாப் என்ற இரு மருத்துவர்கள் வெளியிட்ட முறை இது. இன்றும் இதுதான் வழக்கம்.

அம்மாவின் கணக்கைப் பாருங்கள். முதல் ரிப்போர்ட்டில் வேகம் நொடிக்கு 2.6 மீட்டர். பெருக்கினால் 27; மேலறைக்கு 3 கூட்டி 30. இரண்டாவதில் வேகம் 3.0. பெருக்கினால் 36, மேலறைக்கு 8 கூட்டி 44. இந்த 3, 8 இரண்டுமே உத்தேசம்தான். மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் கீழ்ப்பெருஞ்சிரை 2.1 சென்டிமீட்டருக்குள் இருந்து, மூக்கை உறிஞ்சும்போது பாதிக்கு மேல் சுருங்கினால் 3 என்று போடுவார்கள். விரிந்தும் சுருங்காமலும் இருந்தால் 15. இரண்டுங்கெட்டானாக இருந்தால் 8. டிரிப்ஸ் ஏறும்போது சிரை நிறைந்துதான் இருக்கும். கூடுதலாக வந்த 14-ல் 5 அப்படி வந்திருக்கலாம்.

மீதி 9 வேகத்தால் வந்தது. காய்ச்சலிலும் ரத்தசோகையிலும் இதயம் வேகமாக, அதிக ரத்தத்தைத் தள்ளும். நுரையீரல் குழாய்களில் அழுத்தம் அப்போது நிஜமாகவே கூடும். அன்று பி.பி.யும் எகிறியிருந்தால், இறுகிப்போன இடது இதயம் பின்னால் நுரையீரல் பக்கம் அழுத்தத்தைத் தள்ளும். வயதும் உடல் எடையும்கூட எண்ணைச் சற்று ஏற்றிக் காட்டும்.

எடுப்பவரின் கையும் முக்கியம். டாப்ளர் கதிர் கசிவின் திசையிலிருந்து 20 டிகிரி விலகினாலே வேகம் 6 சதவீதம் குறையும், அழுத்தம் சுமார் 12 சதவீதம் குறையும். மங்கலான அலையின் ஓரத்தைத் தாண்டி அளந்தால் எண் கூடிவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வால்வு மிக மோசமாகக் கசிந்தாலோ, வலது கீழறை களைத்துப்போனாலோ, வியாதி முற்றிய நிலையிலும் எண் குறைவாக வரும். அதனால் எண் குறைவு என்று மட்டும் பார்த்து ஆறுதல் அடையவும் கூடாது.

இதனால்தான் நாங்கள் வேகத்தையே முதலில் பார்க்கிறோம். 2.8 வரை பெரிதாகக் கவலை இல்லை. 3.4-ஐத் தாண்டினால் நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கு வாய்ப்பு அதிகம். அம்மாவின் 3.0 நடுவில் நிற்கிறது. வலது கீழறை வீங்கவில்லை, நடுச்சுவர் தட்டையாகவில்லை என்று இரண்டாவது ரிப்போர்ட்டே சொல்கிறது. பி.ஏ.ஹெச். என்பது நுரையீரல் தமனிகளே சுருங்கிப்போகும் அரிய வியாதி. எக்கோ எண்ணை மட்டும் வைத்து அந்தப் பெயரை எழுதுவது சரியில்லை. உறுதிசெய்ய வலது இதயத்துக்குள் கதீட்டர் செலுத்தி அளக்க வேண்டும். அதில் நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 20-ஐத் தாண்டினால்தான் நுரையீரல் ரத்த அழுத்தம் என்றே சொல்வோம். அம்மாவுக்கு இப்போது கதீட்டர் சோதனை தேவைப்படாது என்று நினைக்கிறேன். யாராவது சொன்னார்கள் என்று, பி.ஏ.ஹெச். வியாதிக்குத் தரும் சில்டெனாஃபில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது ஹீமோகுளோபின் 8.4 என்பதுதான். இந்த வயதில் ரத்தம் இவ்வளவு குறைய ஒரு காரணம் இருக்கும். இரும்புச்சத்து, மலத்தில் ரத்தக்கசிவு இரண்டையும் இந்த வாரமே பாருங்கள். ரத்தம் ஏறி, பி.பி. கட்டுக்குள் வந்த பிறகு, முதலில் எடுத்த இடத்திலேயே எக்கோ எடுங்கள். வேகத்தையும் மேலறைக்கு எவ்வளவு கூட்டினார்கள் என்பதையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அப்போதும் 2.8-க்கு மேல் நின்றால் நுரையீரலைச் சோதிக்க வேண்டும். அம்மா விறகடுப்புப் புகையில் பல காலம் சமைத்தவரா, தூக்கத்தில் பலமாகக் குறட்டை விடுகிறாரா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அதற்கிடையில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.