பாரிஸில் ஒரு செவ்வாய்க்கிழமை

லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. பாரிஸுக்கு ஆள் கூட்டிப்போய்ப் பிழைக்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தேதான் எங்கள் குழுவைச் செவ்வாயன்று அங்கே இறக்கிவிட்டார்கள் என்று இன்றும் நம்புகிறேன். கண்ணாடிப் பிரமிடு முன்னால் படம் எடுத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம். அதற்குப் பிறகு சென்ட் கடையில் மதியம் முழுக்க. மோனலிசாவுக்காகவே இந்த வயதில் கிளம்பி வந்த என் மாமியார், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் பேசாமல் பஸ் ஏறினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விசா, விமானம், ஓட்டல் எல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். நீங்கள் பார்க்க வேண்டியது கிழமை. லூவர், கீமே, ஒராஞ்சரி மூன்றும் செவ்வாயன்று மூடியிருக்கும். ஓர்சேயும் ரொதான் அருங்காட்சியகமும் திங்களன்று. எந்தக் கிழமை எந்த இடம் என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். ‘போட்டோ ஸ்டாப்’ என்று போட்டிருந்தால் உள்ளே போக டிக்கெட் கிடையாது.

நான் சென்ட் கடைக்குப் போகவில்லை. சேன் ஆற்றைத் தாண்டி ஓர்சேக்கு நடந்துவிட்டேன். என் கொழுந்தன் அதைத் திமிர் என்கிறார். சொல்லட்டும். 1900இல் ரயில் நிலையமாகத் திறந்து, 1986இல் அருங்காட்சியகமாக மாறிய கட்டடம் அது. மில்லே 1857இல் வரைந்த ஓவியம் அங்கே இருக்கிறது. அறுப்பு முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கும் மூன்று பெண்கள்; தூரத்தில் மலைமலையாகப் போர்கள், குதிரைமேல் ஒரு கங்காணி. நான் தஞ்சாவூர்ப் பக்கம் களத்துமேட்டில் வளர்ந்தவள். அந்தக் குனிந்த முதுகுகளைப் பற்றி எந்த கைடும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

லூவர் புதனும் வெள்ளியும் இரவிலும் திறந்திருக்கும். மறுநாள் புதன். குழு படகுச் சவாரிக்குப் போனது; நான் நேரம் குறித்து ஆன்லைனில் டிக்கெட் எடுத்து மாமியாரைக் கூட்டிப்போனேன். மோனலிசா 77 செ.மீ. உயரம்தான். தூக்கிப் பிடித்த செல்போன்களுக்கு நடுவே பார்த்துவிட்டு அப்படியே திரும்பி நில்லுங்கள். எதிர்ச்சுவரில் வெரோனீஸின் கானா ஊர்க் கல்யாண விருந்து, ஏறக்குறைய 10 மீட்டர் அகலம். அங்கே நெரிசல் இல்லை. பந்தியில் யார் பரிமாறுகிறார்கள், யார் வாசிக்கிறார்கள் என்று மாமியார் ஒவ்வொரு முகமாகத் தேடினார். கிளம்பலாமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமைக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறேன். குழுவில் வந்த மற்றவர்களும் எழுத வேண்டும்.