மாலை கழற்றிய மறுநாள்

நம் சங்கக் குடும்பங்கள் சந்தித்தால் கல்யாணம், காதுகுத்து, பிள்ளைகளின் மதிப்பெண் என்று எல்லாம் பேசுகிறோம். குடியைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. திறந்தாலும், "அவன் நினைச்சா விட்டுடுவான். ஐயப்பனுக்கு மாலை போட்டா 41 நாள் தொடறதே இல்லையே" என்று முடித்துவிடுகிறோம். டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் வேலை பார்த்த தமிழர்களின் வீடுகளில் இந்த வாக்கியத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அந்த 41 நாளைச் சற்றுக் கவனியுங்கள். கறுப்பு வேட்டி, இரு வேளைக் குளியல், மாலையில் பஜனை, சுற்றிலும் அதே விரதத்தில் பத்துப் பேர். எல்லாரும் 'சாமி' என்றே கூப்பிடுகிறார்கள். கூட்டாளிகள்கூடக் குடிக்க அழைப்பதில்லை. மன உறுதியோடு இந்த ஏற்பாடும் சேர்ந்துதான் ஆளைத் தாங்குகிறது. மாலையைக் கழற்றியதும் ஏற்பாடு கலைந்துவிடுகிறது. குடியை நிறுத்துவது ஒரு வேலை. நிறுத்தியபடியே இருப்பது வேறு வேலை. இந்த இரண்டாவது வேலைக்குத்தான் ஏ.ஏ. என்று சுருக்கமாக வழங்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்கள்.

இது தொடங்கியதே ஒரு தொலைபேசி அழைப்பில். 1935 மே மாதம், அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊருக்கு வியாபார விஷயமாக வந்த பில் வில்சனுக்குப் போன காரியம் கைகூடவில்லை. குடியை விட்டுச் சில மாதமே ஆகியிருந்தது. ஓட்டலில் தனிமை, ஒரு பக்கம் மதுக்கூடம். அவர் உள்ளே போகாமல், பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று தொலைபேசியில் விசாரித்தார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற டாக்டர். ஒரு நோயாளி இன்னொரு நோயாளியிடம் பேசினால் இருவருக்கும் பிடிமானம் கிடைக்கிறது என்பதே அவர்கள் கண்டது.

நமக்கும் வழி அதுவே. ஏ.ஏ.யின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் நம் மும்பையிலேயே இருக்கிறது. கேட்டால் வீட்டுக்கு அருகில் எங்கே, எந்தக் கிழமை, எந்த மொழியில் கூட்டம் என்று சொல்வார்கள். மொழியை மறக்காமல் கேளுங்கள். மார்க்கெட்டில் பேசும் இந்தியில் மனத்தில் உள்ளதைக் கொட்ட முடியாது. 'திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா' என்றும் கேளுங்கள். திறந்த கூட்டத்துக்கு வீட்டாரும் போகலாம். மூடியது குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும்.

பல கூட்டங்கள் சர்ச் வளாகத்தில் நடக்கும். "மதம் மாற்றிவிடுவார்களோ" என்று நம்மவர்கள் வாசலிலேயே தயங்குகிறார்கள். இடம்தான் சர்ச்சுடையது, ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததில்லை. தெய்வத்தைப் பற்றிப் பேச்சு வரும். எந்தத் தெய்வம் என்பது அவரவர் பாடு. கட்டணமும் கிடையாது. தட்டு சுற்றி வரும்போது முடிந்ததைப் போடலாம். முழுப் பெயரோ ஆபீஸ் பெயரோ கேட்பதில்லை. முதல் நாள் பேசாமல் உட்கார்ந்துவிட்டும் வரலாம்.

ஓர் எச்சரிக்கை. தினமும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம் மட்டுமின்றி வலிப்பும் பிதற்றலும் முதல் மூன்று நாட்களில் வரக்கூடும். உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்கு முதலில் டாக்டர், பிறகு கூட்டம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. அதில் தமிழிலும் பேசலாம். தங்கிச் சிகிச்சை பெற புனேயில் 1986 முதல் முக்தாங்கண் இருக்கிறது. சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளை 1980-ல் தொடங்கியது.

என் பிரிவில் கீமேன் ஒருவர் இருந்தார், திருநெல்வேலிப் பக்கம். 2009-ல் அவர் மனைவி எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து, "சார், மாலை கழட்டின அன்னைக்கு ராத்திரியே போயிட்டாரு" என்று அழுதார். ரயில்வே ஆஸ்பத்திரியில் காட்டிய பிறகு, ஒரு ஞாயிறு திறந்த கூட்டத்துக்கு நானும் துணைக்குப் போனேன். ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, சின்னப் பெஞ்சு, டீ. ஒரு வங்கி மேனேஜரும் ஆட்டோ ஓட்டுநரும் அடுத்தடுத்து எழுந்து, தம் பெயரைச் சொல்லி, "நான் குடிநோயாளி" என்றார்கள். இவர் தலை நிமிரவே இல்லை. அந்தக் கூட்டம் அவருக்குப் பிடிக்கவும் இல்லை; மூன்றாவதாகப் போன கூட்டம்தான் ஒத்துவந்தது. ஒன்று பிடிக்காவிட்டால் இன்னொன்றைப் பாருங்கள்.

"இன்றைக்கு மட்டும் குடிக்க மாட்டேன்" என்று அவர்கள் சொல்வது அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. கீமேன் நேற்றுத் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டோம் என்று இன்று வீட்டில் இருக்க முடியாதல்லவா! இடையில் ஒருமுறை சறுக்கினார். கூட்டத்தில் யாரும் திட்டவில்லை. திரும்பவும் நாற்காலி போட்டார்கள்.

அவர் மனைவி குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினார். கணவர் விட்டாலும் விடாவிட்டாலும் மனைவி போகலாம்; அது 1951 முதல் தனியாக இயங்கும் அமைப்பு. பாட்டிலைத் தேடி ஒளித்துவைக்கும் வேலையை அந்த அம்மாள் அங்கே போன பிறகுதான் விட்டார்.

கோவில் கொடைக்கு ஊருக்குப் போகும் நாட்கள்தான் இப்போதும் அவருக்குச் சிரமம். பங்காளிகள் விடமாட்டார்கள். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டதும், ஊர்ப் பக்கம் எங்கே கூட்டம் நடக்கிறது என்று போன் செய்து கேட்டு, விலாசத்தை டிக்கெட்டோடு மடித்து வைத்துக்கொள்கிறார்.