பாலாற்றின் பழைய தடம்

கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் வழங்கிய பேத்தமங்கலம் ஏரி பாலாற்றின் குறுக்கே அமைந்துள்ளது. நந்திமலைப் பகுதியில் தோன்றும் இந்த ஆறு 348 கிலோமீட்டர் ஓடி, வாயலூர் அருகே கடலில் கலக்கிறது. முற்காலத்தில் இது காவேரிப்பாக்கம் அருகே வடகிழக்காகத் திரும்பி, இன்றைய கொசத்தலையாற்றின் வழியே சென்றதென நிலவியலார் கருதுவர்.

இதனை அறிவிப்பவை மண்ணடியிலுள்ள படிவுகளே. விரைந்தோடும் நீர் உருண்டு தேய்ந்த கூழாங்கல்லையும் பருமணலையும் இடும். தேங்கும் வெள்ளம் மென்மையான வண்டலை இடும். ஆறு இடம் மாறினாலும் அவ்வடுக்குகள் நிலைத்திருக்கும். மணலடுக்கு நிலத்தடி நீரையும் தேக்கி வைக்கும். ஆதலின் மணல் வரைமுறையின்றி அள்ளப்படுமாயின், நிலத்தின் வரலாறும் ஊரின் குடிநீரும் ஒருங்கே அழியும்.

பயிற்சி: ஆறு இல்லாத ஊரில் கிணறு தோண்டும்போது கூழாங்கற்கள் கிடைப்பின், அவை எதை உணர்த்தும்?