பரணில் தங்கும் ஈரம்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் பரண் ஒன்று உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த தமிழ்ப் புத்தகங்கள், நிலப் பத்திரங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், கொலுப் பொம்மைகள் எல்லாம் அங்கேதான் இருக்கும். வீட்டில் காற்றோட்டம் மிகக் குறைந்த இடமும் அதுவே. 2021 நவம்பரில் திருப்பதியில் பெய்த பெருமழையை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தெருவில் நின்ற வெள்ளம் சில நாட்களில் வடிந்துவிடும்; கூரையிலும் சுவரிலும் ஊறிய ஈரம் அவ்வளவு எளிதில் போகாது. பூஞ்சணம் படர்ந்தால் புத்தகங்களும் துணிகளும் பாழாகும். இழுப்பு நோய் உள்ளவர்களுக்கு மூச்சுத் தொல்லை கூடும்.

ஈரம் வீட்டுக்குள் வர மூன்று வழிகள் உண்டு.

1. மேலிருந்து வருவது: மொட்டை மாடியில் தேங்கும் நீர், தளத்தின் விரிசல் வழியே கசியும்.
2. கீழிருந்து வருவது: அடித்தளத்தில் ஓதத்தடுப்பு இல்லாவிட்டால் மண்ணின் ஈரம் சுவரில் ஏறும். தரையை ஒட்டிய சுவரில் உப்புப் பூத்து, பூச்சு உதிர்வது இதன் அடையாளம்.
3. உள்ளேயே பிறப்பது: சமையல், குளியல், அறைக்குள் துணி உலர்த்துதல் ஆகியவற்றால் எழும் நீராவி.

மூன்றாவது வழியைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராம்தான் தாங்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, உயரம் பத்தடி என்றால், 30 பாகையில் அந்த அறைக் காற்று தாங்கக்கூடிய நீர் ஏறத்தாழ ஒரு லிட்டர். காற்று குளிர்ந்தால், தாங்க முடியாத மிச்சம் குளிர்ந்த சுவரில் துளிகளாகப் படியும். ஏ.சி. அறைக்கும் சமையலறைக்கும் இடையே ஒரே சுவர் இருந்தால், சமையலறைப் பக்கம் பூஞ்சணம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த வழி என்று அறியாமல் பணம் செலவழிக்க வேண்டாம். ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைக் கறையின்மேல் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு உட்புறம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறையை நோக்கிய பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம்.

கசிவு என்றால் மருந்து மாடியில்தான். தளத்துக்குப் பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது வாட்டம் வேண்டும். மழைநீர்க் குழாயின் வாய், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை ஆகிய இரண்டையும் முதலில் பாருங்கள். மேலே கசிவை நிறுத்தாமல் அறைக்குள் நீர்காப்புப் பெயிண்ட் அடிப்பது வீண். நீர் கான்கிரீட்டுக்குள்ளேயே தங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும்.

நீராவி என்றால் மருந்து காற்றோட்டம். சூடான காற்று மேலே எழுவதால், புகும் வழி கீழேயும் போகும் வழி மேலேயும் இருக்க வேண்டும். ஓட்டு வீட்டில் ஓடுகளின் இடைவெளியே மேல்வழியாக இருந்தது. கான்கிரீட் வீட்டில் அந்த வேலையைச் செய்வது வென்டிலேட்டர். கொசுவுக்கும் ஏ.சி.க்கும் பயந்து அதை அட்டையால் அடைத்துவிடுகிறோம். வலை அடித்து, தூசியை அவ்வப்போது துடைத்தால் போதும். அமெரிக்காவில் கூரைக்கடியில் உள்ள வெற்றிடத்துக்கு, அதன் பரப்பில் 150இல் ஒரு பங்கு காற்றுவழி வேண்டும் என்பது பொது விதி. மேலும் கீழுமாகச் சரிவரப் பிரித்து அமைத்தால் 300இல் ஒரு பங்கு போதும் என்று அதே விதி சலுகை தருகிறது. அளவைவிட அமைப்பு முக்கியம் என்பதற்கு இதுவே சான்று.

இரயில்வேயில் நாங்கள் கண்டதும் இதுதான். எஃகுப் பெட்டிகளில் கழிவறைக்கும் வாசலுக்கும் அடியில்தான் முதலில் துருப்பிடிக்கும். நீர் தங்கி, காற்றுப் படாத இடம் அது.

ஐப்பசி மழைக்கு முன் செய்ய வேண்டியவை:

• மாடிக் குழாய்களில் அடைத்த சருகை அகற்றுங்கள்.
• பரண் பொருள்களைச் சுவரிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி, மரச்சட்டத்தின்மேல் வையுங்கள். பரணுக்குக் கதவு இருந்தால் மேலும் கீழும் துளையிடுங்கள்.
• அடைமழை நாளில் சன்னலைத் திறந்தால் வெளி ஈரமே உள்ளே வரும். சமையலறை, குளியலறைப் புகைபோக்கி விசிறியை மட்டும் ஓடவிடுங்கள். வெயில் வந்ததும் நண்பகலில் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்.
• பூஞ்சணத்தை உலர்ந்த துணியால் தட்டாதீர்கள். மூக்கை மூடிக்கொண்டு ஈரத்துணியால் துடையுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலக்கவே கூடாது, நச்சுவாயு எழும்.
• சுவிட்சுப் பெட்டி அருகே ஈரம் கண்டால் மெயினை அணைத்துவிட்டு மின்பணியாளரை அழையுங்கள்.

இவற்றில் பெரும்பாலானவை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியும் வேலை. பரணிலிருக்கும் பாட்டனார் காலத்துப் புத்தகம் பேரப்பிள்ளைகள் கைக்குப் போய்ச்சேர வேண்டாமா? இந்த ஞாயிறே ஏணியை எடுங்கள்.