பழைய பாவைக்குள் புதுக் கை

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. ஒரு தலைமுறையே பார்த்துச் சிரித்த கழுதைப் பாவையை உன் கையில் கொடுத்துவிட்டார்கள். அதை ஆட்டிவந்த பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். "ஜனங்கள் என்னை ஏற்றுக்கொள்வார்களா அண்ணா?" என்று கேட்டிருக்கிறாய். முதலில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். இதே பயத்தோடு இன்னும் நாலு பேர் இருப்பார்கள் என்பதால் பதிலைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் மப்பெட்ஸ் பாவைக் குழுவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் குழுவின் தவளை கெர்மிட்டை 1955இல் அதன் நிறுவனர் ஜிம் ஹென்சன் தன் அம்மாவின் பழைய கோட்டை வெட்டித் தைத்தார். பிங்பாங் பந்தை இரண்டாகப் பிளந்து கண் வைத்தார். முகம் வெறும் துணி. உள்ளே விரலை மடக்கினால் முகம் சுளிக்கும், கட்டைவிரலைப் பின்னுக்கு இழுத்தால் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டது போல வாய் சுருங்கும். உலகம் கெர்மிட்டின் முகம் என்று பார்த்ததெல்லாம் ஹென்சனின் வலது கைதான். 1990 மே 16இல், 53 வயதில், அந்தக் கை போய்விட்டது.

அதற்குப் பிறகு ஸ்டீவ் விட்மயர் என்ற கலைஞர் கெர்மிட்டை எடுத்தார். குரல் அப்படியே இல்லை, கொஞ்சம் மெலிந்திருக்கிறது என்ற பேச்சு அவரை விடவே இல்லை. அவர் பாட்டுக்கு ஆட்டிக்கொண்டிருந்தார்.

2011க்கு வா. அதற்கு முன் 12 வருஷமாக மப்பெட்ஸ் படம் ஒன்றும் தியேட்டருக்கு வரவில்லை. ஜேசன் சீகல் என்ற நடிகர், சின்ன வயதிலிருந்தே இவர்களுக்கு ரசிகர், நிக்கோலஸ் ஸ்டோலருடன் சேர்ந்து ஒரு புதுப் படத்துக்குக் கதை எழுதினார். ஜேம்ஸ் பாபின் இயக்கினார். ஊர் மறந்துபோன குழு திரும்பவும் கூடி, எண்ணெய் முதலாளி ஒருவனிடமிருந்து தங்கள் பழைய தியேட்டரை மீட்க ஒரு கோடி டாலர் திரட்டப் பார்க்கிறது. அவ்வளவுதான் கதை. ஆனால் வால்டர் என்று ஒரு புதுப் பாவையை உள்ளே விட்டார்கள். அவன் மப்பெட்ஸ் ரசிகன். அவர்களுடைய பழைய டி.வி. நிகழ்ச்சியைப் பார்த்தே வளர்ந்தவன். குறை சொல்ல வந்த ரசிகன் திரையில் தன்னையே பார்த்து வாயடைத்துப் போனான். என்னைக் கேட்டால் அந்தப் படத்தின் பெரிய சாமர்த்தியம் அதுதான். கடைசியில் கெர்மிட் மேடையேறி 1979ஆம் வருஷப் படத்தின் வானவில் பாட்டைத் தொடங்கும் இடத்தில், நாற்பதைத் தாண்டியவர்கள் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தார்கள்.

எல்லோரும் துடைக்கவில்லை. மிஸ் பிக்கியையும் கரடி ஃபாஸியையும் முன்பு ஆட்டிய ஃப்ராங்க் ஆஸ், கதை பிடிக்கவில்லை, பாத்திரங்களுக்கு உரிய மரியாதை இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். அந்த இரண்டையும் எரிக் ஜேக்கப்சன்தான் ஆட்டினார். படத்தில் ஃபாஸி நடந்தால் அபானவாயு சத்தம் வருகிற மாதிரி ஒரு செருப்பு போட்டுக்கொள்கிறான். ஃபாஸியா இப்படி என்று பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். கெர்மிட் ஏன் பெரிய மாளிகையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்டார்கள். படத்தில் வரும் மனிதக் காதலர்கள் இரண்டு பேருக்குப் போன நேரத்தைப் பாவைகளுக்குக் கொடுத்திருக்கலாம் என்றார்கள். இந்தக் கடைசிப் புகாரில் நான் ரசிகர்கள் கட்சி. செருப்பு விஷயத்திலும் அப்படியே. ஃபாஸி சொல்வது மொக்கை ஜோக்காக இருக்கும். ஆனால் சபை சிரிக்கும் என்று மனசார நம்பிச் சொல்வான். அவன் வித்தை வாயில் இருக்கிறது, காலில் இல்லை.

தம்பி, இங்கேதான் கவனி. உன் காதில் இரண்டு வகைப் புகார் விழும். "குரல் பழைய மாதிரி இல்லை" என்பது ஒன்று. அதை விட்டுவிடு. அது இறந்துபோன மனிதருக்காக அழும் அழுகை, உன்னால் ஆற்ற முடியாது. "எங்கள் கழுதை இப்படிச் செய்யாது" என்பது இன்னொன்று. அதைக் கேட்டால் எழுந்து உட்கார். அப்படிச் சொல்கிறவனுக்கு உன்னைவிட அந்தப் பாவையின் குணம் தெரியும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இருபத்தைந்து வயதில், காய்ச்சலில் படுத்த ஒரு பெரியவருக்குப் பதிலாக அவருடைய குரங்குப் பாவையை ஒரு பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். அவர் குரலை ஒரு வாரம் பழகியிருந்தேன், அச்சு அசலாக வந்தது. ஆட்டம் முடிந்ததும் முதல் வரிசைச் சிறுமி ஒருத்தி சொன்னாள்: "இது வேற குரங்கு. அது பேசறதுக்கு முன்னாடி தலையைச் சொறியும்." அவர் சொறிவதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். குரங்கு யோசிக்கிறது என்று அன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

கூட்டம் அழுதால் மயங்கிவிடாதே என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2011 படம் உலகம் முழுக்க 16 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ப்ரெட் மெக்கென்ஸி எழுதிய பாட்டுக்கு ஆஸ்கரும் வந்தது. மூன்று வருஷத்தில் அதே இயக்குநர் எடுத்த அடுத்த படம் ஏறக்குறைய அதில் பாதிதான் பார்த்தது. பழைய நினைவுக்காக வந்தவர்கள் ஒரு தடவை வந்தார்கள். அடுத்த தடவை அவர்களை வரவழைக்கப் பாவையிடம் புதிதாக ஏதாவது இருக்க வேண்டியிருந்தது.

விட்மயர் கதையின் மிச்சம்தான் வேடிக்கை. 2016இல் அவரை கெர்மிட்டிலிருந்து விலக்கினார்கள். மறு வருஷம் விஷயம் வெளியே வந்தபோது ரசிகர்களில் ஒரு பெருங்கூட்டம் கொந்தளித்தது. அவர்தான் எங்கள் கெர்மிட், புதிதாக வந்த மேட் வோகலின் குரல் சரியில்லை என்றார்கள். இருபத்தேழு வருஷத்துக்கு முன் அவரைச் சொன்ன அதே வார்த்தை. உனக்கும் அவ்வளவு காலம் ஆகலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வா. கழுதையைக் கொண்டு வா, பெரியவர் ஆடிய பழைய வீடியோ இருந்தால் அதையும் எடுத்து வா. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்